ஆணியில் தொங்கிய மூன்று வரிகள்

ஏகாம்பரம் மாமா நீங்கள் படிக்கும் இதே வார இதழைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு சித்தியின் ஊரப்பாக்கம் வீட்டுக்குள் நுழைந்தார். படிக்கிறவர் கையில் பத்திரிகை அப்படி இருக்காது. கரப்பான்பூச்சியைத் தேடுகிறவர் கையில்தான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை. என் சித்தி மகள் சுகந்தி தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் அவளுடைய மூன்றாவது தோசையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சித்தி துணி மடித்துக்கொண்டிருந்தார். மாமா, அதாவது சித்தியின் தம்பி, செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. ஒன்று வாசலுக்கு உள்ளே, ஒன்று வெளியே.

"இன்னாம்மா இது? இத்த எவ எழுதினது?"

"பேரு போட்டுகீதே மாமா," என்றாள் சுகந்தி. "எஸ். சுகந்தி, ஊரப்பாக்கம்."

"பேரு தெரியுது. எதுக்கு எழுதினேன்னு கேக்கறேன்."

"வாசகர்கள் எழுதலாம்னு அக்கா போட்டிருந்தாங்க. நானும் வாசகிதான்."

மாமா என் பக்கம் திரும்பினார். வாயில் தோசை இருந்ததால் நான் பேசவில்லை. சட்னி நன்றாக இருந்ததும் ஒரு காரணம்.

"சாமி மாலைய வெச்சி காமெடி பண்றியா? புதுப்பட்டினத்து மாப்ள வூட்லேர்ந்து போன் மேல போன் வந்துகினு கீது. நா இன்னா பதில் சொல்றது?"

சுகந்தி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். செங்கல்பட்டில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுப்பது அவளுடைய வேலை. கத்துகிற மனிதர்களைப் பார்த்து அவளுக்குப் பயம் கிடையாது.

"மாமா, மூச்ச இழுங்க. புடிங்க. அப்படியே இருங்க."

அவள் சொன்ன தோரணையில் மாமாவும் இழுத்துப் பிடித்துவிட்டார்.

"விடலாம்," என்றாள்.

விட்டார். விட்டதும் கோபம் இரண்டு மடங்காக வந்தது. இந்தக் கோபத்துக்குக் காரணமான மூன்று வரிகள் எப்படி வந்தன என்று சொன்னால்தான் வாசகர்களுக்குப் புரியும். அதற்கு என் வாசகர்களைப் பற்றியே கொஞ்சம் கேவலமாகப் பேச வேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நிலா, தாய், கண்ணீர்

சில மாதங்களுக்கு முன் இந்த இதழின் ஆசிரியர் என்னை அழைத்தார். என் பையனைவிட இளையவர். "மேடம், உங்க தொடருக்கு ரெஸ்பான்ஸ் நல்லா இருக்கு. வாசகர்களையும் எழுத வைக்கலாமே? குறும்பு ஹைக்கூ மாதிரி ஏதாவது," என்றார்.

குறும்பு என்ற சொல் எனக்குப் பிடித்தது. ஹைக்கூ என்ற சொல்தான் பயமுறுத்தியது. நம் ஊரில் ஒருவர் ஹைக்கூ எழுதுகிறார் என்றால், பெரும்பாலும் ஒரு அட்வைஸை மூன்றாக ஒடித்துப் போடுகிறார் என்று அர்த்தம். மரம் வளர்க்கச் சொல்வார். அம்மாவைக் கைவிடாதே என்பார். கடைசி வரியில் ஆச்சரியக்குறி போட்டுவிட்டால் கவிதை முடிந்தது.

ஆகவே அறிவிப்பில் தெளிவாகவே எழுதினேன். மூன்று வரி. நீங்கள் கண்ணால் பார்த்ததாக இருக்க வேண்டும். படித்தவர் ஒரு தடவையாவது சிரிக்க வேண்டும். நிலா, தாய், கண்ணீர் மூன்றுக்கும் அனுமதி இல்லை.

வந்தவற்றில் முதல் ஹைக்கூ இது:

*தாயே,*
*நிலவின் கண்ணீர்*
*நீ!*

மூன்று தடையையும் ஒரே மூச்சில் தாண்டிய இந்த வீரர் மதுராந்தகத்துக்காரர். கீழே "நகைச்சுவைப் பிரிவுக்கு" என்று வேறு எழுதியிருந்தார். அங்கேதான் நான் சிரித்தேன்.

மாமல்லபுரத்திலிருந்து வந்தவை தனி ரகம். அந்த ஊரில் ஒருவர்கூடக் கல்லைச் சும்மா விடுவதாக இல்லை. கல் பேசுகிறது, கல் அழுகிறது, கல் உளியை மன்னிக்கிறது, கல் கடலிடம் கேள்வி கேட்கிறது. அத்தனை கல்லும் வாயைத் திறந்தால் பாவம், டூரிஸ்ட்டுகள் எங்கே போவார்கள்? இளநீர் விற்கும் அம்மா பார்க்கிற பார்வை, செல்ஃபி எடுக்கப் போய் அலையில் செருப்பைத் தொலைத்தவன், வெயிலில் ஐஸ்கிரீமைச் சாப்பிடுவதா போட்டோ எடுப்பதா என்று முழிக்கிற கல்யாண ஜோடி, இதெல்லாம் தினம் கண்ணெதிரே நடக்கிறது. ஒருவர்கூட எழுதவில்லை. கல்லைப் பார்க்கப் போகிறார்கள்.

இன்னொரு கூட்டம் அசை எண்ணுகிறது. ஐந்து, ஏழு, ஐந்து. "மேடம், இரண்டாவது வரியில் ஓர் அசை கூடிவிட்டது, நீக்கிவிடவும்" என்று ஒரு ஓய்வுபெற்ற அதிகாரி மூன்று முறை எழுதினார். நான் அந்த ஹைக்கூவையே நீக்கிவிட்டேன்.

கேக்குதா?

மூன்று வரி என்றால் என்ன என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது எந்தக் கவிஞரும் இல்லை. செங்கல்பட்டு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்.

டிரங்க் கால் காலத்தில் அங்கே ஆபரேட்டராக இருந்தேன். ஒரு அழைப்புக்கு மூன்று நிமிடம்தான் கணக்கு. காதில் அழுத்துகிற ஹெட்போன், கரண்ட் போனால் வியர்வையில் ஒட்டிக்கொள்கிற நாற்காலி, மதியம் சூப்பர்வைசரம்மாவின் கருவாட்டு டப்பா திறக்கிற வாசனை. லைன் சரியாக இருக்கிறதா என்று நடுவில் நாங்கள் கேட்டுப் பார்க்க வேண்டும். அது எங்கள் டியூட்டி. ஒட்டுக்கேட்பது என்று சிலர் சொல்வார்கள். சொல்லட்டும்.

பேச ஆசைப்பட்டு மணிக்கணக்கில் காத்திருப்பவர்கள் லைன் கிடைத்ததும் உளறுவார்கள். பாலாற்றங்கரைப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் பம்பாயில் இருக்கும் மகனுக்கு கால் புக் பண்ணிவிட்டு, பொழுது சாயும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். லைன் கிடைத்தது. அவர் பேசியது முழுவதும் இவ்வளவுதான்:

"கேக்குதா?"

"கேக்குதுப்பா."

"சரி, அப்ப வெச்சுடறேன்."

வைத்துவிட்டு, காசைக் கொடுத்துவிட்டு, திருப்தியாகப் போனார். நாங்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில் சைக்கிளை நிறுத்தி முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து எனக்கு அளவுகோல் அதுதான். முதலில் சிரிப்பு வர வேண்டும். மற்றது வந்தால் பிறகு தானாக வரட்டும். எடுத்த எடுப்பிலேயே கர்ச்சீப்பை நீட்டுகிறவரை நான் நம்புவதில்லை.

சுகந்திக்கு இந்தக் கதையைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஒருநாள் எக்ஸ்ரே அறையிலிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாள்:

*"மூச்சைப் பிடிங்க" என்றேன்.*
*போன் வந்துவிட்டது.*
*பாவம், தாத்தா.*

ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நின்று தனியாகச் சிரித்தேன். பக்கத்தில் நின்ற பெண்மணி இரண்டடி தள்ளிப் போனார். கல்லும் நிலாவுமாக வந்து குவிந்த குப்பையில் எனக்குக் கிடைத்த ஒரே உருப்படி இவள்தான். இன்னும் எழுது என்று நச்சரித்தேன். அடுத்து வந்ததுதான் மாலை.

சித்தி போட்ட சட்டம்

எங்கள் பக்கத்தில் கல்யாணம் தள்ளிப்போனால் திருவிடந்தை பெருமாள் கோயிலுக்குப் போவார்கள். பெருமாளுக்கு மாலை கொண்டுபோனால் ஒன்றைத் திருப்பிக் கழுத்தில் போட்டு அனுப்புவார்கள். அதோடு பிராகாரம் சுற்றிவிட்டு மாலையை வீட்டில் பத்திரமாக வைக்க வேண்டும். கல்யாணம் ஆனதும் ஜோடியாகப் போய், காய்ந்த அந்த மாலையைக் கோயிலில் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஆகியிருக்கிறது. நான் அதைக் கேலி செய்யவில்லை. சுகந்தியும் செய்யவில்லை. கேலி எல்லாம் எங்கள் வீட்டுச் சட்டத்தைப் பற்றி.

சுகந்திக்காகப் போனபோது கோயிலில் சொன்னது பத்திரமாக வைக்க வேண்டும் என்று மட்டும்தான். சித்தி அதற்கு மேல் தானாக ஒரு சட்டம் போட்டார். ஹாலில் ஓர் ஆணி. ஆணியில் மாலை. கல்யாணம் ஆகும்வரை ஒருவரும் அதைத் தொடக்கூடாது.

ஆண்டுகள் ஓடின. ரோஜா கறுத்து, சம்பங்கி பழுப்பாகி, கடைசியில் நாரும் ஜிகினாவும் மட்டும் மிஞ்சின. பழைய வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தபோது பெயிண்டரை மாலையைத் தொட விடவில்லை. அவர் சுற்றி அடித்துவிட்டுப் போனார். சந்தன நிறச் சுவரில் மாலைக்குப் பின்னால் மட்டும் பழைய பச்சை. சிங்கப்பெருமாள்கோயிலிலிருந்து இந்த ஊரப்பாக்கம் ஃப்ளாட்டுக்கு மாறியபோது டிவியும் பீரோவும் மாமாவின் தண்ணி கேன் வண்டியில் வந்தன. மாலை சித்தியின் மடியில், தனி ஆட்டோவில் வந்தது. டிவி உடைந்தது. மாலைக்கு ஒன்றும் ஆகவில்லை.

பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் மாலையைப் பார்ப்பார்கள். பிறகு எத்தனை வருஷமாகத் தொங்குகிறது என்று கண்ணாலேயே கணக்குப் போடுவார்கள். அப்புறம்தான் பஜ்ஜி. சுகந்தி கல்யாணத்தை அந்த மாலைதான் நடத்திவைக்கும் என்று நம்பியிருந்தார் சித்தி. உண்மையில் வந்தவர்களை அதுதான் திருப்பி அனுப்பியது. இதை நான் சொன்னால் சித்தி இரண்டு நாள் பேச மாட்டார்.

புது வீட்டில் மாலைக்குப் பின்னால் ஒரு பல்லி குடியேறியது. கொஞ்ச நாளில் இன்னொன்று வந்தது. பிறகு விரல் நீளம்கூட இல்லாத குட்டி ஒன்று ஜிகினாவிலிருந்து எட்டிப் பார்த்தது. தொடக்கூடாது என்பதால் அவற்றை விரட்டவும் முடியாது. சுகந்தி சாப்பிட்டுக்கொண்டே அவற்றைப் பார்த்துச் சிரிப்பாள். அவள் எழுதியது இது:

*கல்யாண மாலை*
*ஆணியில் காய்கிறது.*
*பல்லிக்கு ஆகிவிட்டது.*

புனைபெயர் வேண்டுமா என்று கேட்டேன். "எதுக்குக்கா? ஜோக்கு என்னோடதுதானே," என்றாள். நாற்பதைத் தொட்ட ஒருத்தி, பார்க்கிறவர் எல்லோரும் உச்சுக்கொட்டுகிற ஒருத்தி, தன்னைப் பார்த்துத் தானே முதலில் சிரித்துக்கொள்கிறாள். அவளுக்கு வேண்டியிருந்தது இன்னொருவரும் சேர்ந்து சிரிப்பது. அவ்வளவுதான். இது பெரிய ஆசை என்று எங்கள் இருவருக்குமே அப்போது தெரியாது.

மேடையில் ஒரு கர்ச்சீப்

இதழ் வெளிவந்த வாரம் மாமல்லபுரத்தில் ஒரு கவிதைக் கூட்டம். நடத்துகிறவரின் பெயர் வேண்டாம். அவர் எழுதிய எல்லாவற்றிலும் நிலா இருப்பதால் நிலாக் கவிஞர் என்று வைத்துக்கொள்வோம். "தோழி சுகந்தியை அழைத்து வாருங்கள், கவுரவிக்க வேண்டும்," என்றார். சுகந்தி ஆசையாகப் புதுச் சுடிதார் போட்டுக்கொண்டு வந்தாள். சிரிப்பைக் கேட்கத்தான் வந்தாள்.

கடற்காற்றில் பேனர் படபடத்துக்கொண்டிருந்தது. மைக் கீச்சிட்டது. நிலாக் கவிஞர் கண்ணை மூடி, அந்த மூன்று வரியை மூன்று தடவை படித்தார். ஒவ்வொரு தடவையும் இன்னும் மெதுவாக. பல்லி என்ற இடத்தில் குரல் உடைந்தது. கர்ச்சீப்பை எடுத்தார்.

"இது கவிதையல்ல," என்றார். "ஒரு முதிர்கன்னியின் விசும்பல். அந்தப் பல்லி எது தெரியுமா? நம் சமூகம்!"

கைதட்டல். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். சுகந்தி எழுந்து நின்றாள்.

"சார், அது ஜோக்கு. பல்லி பல்லிதான் சார். வூட்ல கீது. வேணும்னா போட்டோ காட்றேன்."

கைதட்டல் இன்னும் பலமாக எழுந்தது. வலியை எவ்வளவு அழகாக மறைக்கிறாள் என்று ஒரு பேராசிரியர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். மேடைக்கு இழுத்துப்போய்ப் பொன்னாடை போர்த்தினார்கள். அவள் முகத்தைப் பார்த்தேன். பெண் பார்க்க வந்தவர்கள் எழுந்து போகும்போது இருக்குமே, அதே முகம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பொன்னாடையைச் சுருட்டிக் காலடியில் வைத்துக்கொண்டாள். "அழறதுக்கு மட்டும் எத்தன பேரு வராங்க பாத்தியாக்கா," என்றாள். எனக்கு அந்தக் கூட்டத்தையே கடலில் தள்ளிவிடலாம் போல இருந்தது. கடல் என்ன பாவம் செய்தது என்று விட்டுவிட்டேன்.

வேறு சுகந்தி

மறுநாள் காலைதான் மாமா சுருட்டிய பத்திரிகையோடு வந்தது.

புதுப்பட்டினத்து வரனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அணுமின் நிலைய டவுன்ஷிப் பக்கம் நல்ல வேலை. சுகந்தியைவிட நாலைந்து வயது பெரியவர். அமைதியானவர். பெண் பார்க்க வந்த அன்று அவர் மாலையை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. இவள் பக்கம் மின்விசிறிக் காற்று வரவில்லை என்று கவனித்துத் தன் நாற்காலியை நகர்த்திப் போட்டார். அன்றிலிருந்து சாயங்காலம் வேலை முடியும் நேரத்துக்கு ஒரு போன். "ரயில் கெடச்சுதா? ஒக்கார எடம் கெடச்சுதா?" இரண்டே கேள்வி. "எனக்குப் புடிச்சிருக்குக்கா," என்று சுகந்தி என்னிடம் சொன்னாள். இத்தனை வருஷத்தில் அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவருடைய அக்காதான் எல்லாம் முடிவெடுப்பவர். அந்த அம்மாளுக்கு யாரோ அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டார்கள். நம் மக்கள் பத்திரிகை வாங்க மாட்டார்கள், ஃபார்வேர்டு மட்டும் தவறாமல் வரும்.

"அந்தம்மா இன்னா கேக்குதுன்னு கேளு," என்றார் மாமா. "அட்த்த வாரம் இதே புக்ல போடணுமாம். அந்தப் பாட்ட எழுதினது வேற சுகந்தி, நம்ம பொண்ணு இல்லன்னு."

"பாட்டு இல்ல மாமா, ஹைக்கூ," என்றேன்.

"இன்னா எழவோ. போட முடியுமா, முடியாதா?"

ஊரப்பாக்கத்தில், மாலையும் பல்லியும் உள்ள இன்னொரு எஸ். சுகந்தியை நான் எங்கே போய்ப் பிடிப்பது என்று கேட்டேன். மாமாவுக்கு அது ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை. "எவளாச்சும் இருப்பா," என்றார்.

சித்தி மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்துக்கொண்டிருந்தார். "போட்டுடும்மா," என்று என்னைப் பார்த்துச் சொன்னார். "மூணு வரிதான? அதுக்காவ ஒரு வாழ்க்கைய வுட்டுடறதா? நானு செத்தா இவளுக்கு யாரு கீறாங்க?"

ஊர் உலகத்தையெல்லாம் கிண்டல் செய்கிற வாய் சித்தியின் முன்னால் மூடிக்கொண்டது. சுகந்தியைப் பார்த்தேன். அவள் போனை எடுத்து, அந்த மனிதரையே அழைத்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

"உங்க அக்கா சொன்னது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்ங்க." சங்கடமான குரல். "எனக்கு ஒண்ணும் இல்லீங்க. அக்காவுக்குத்தான் பேஜாராப் போச்சு. வேற ஆளுன்னு ஒரு வரி போட்டுட்டா முடிஞ்சுது. அப்பால யாரு ஞாபகம் வெச்சிக்கப் போறாங்க?"

"சரி. ஒண்ணு மட்டும் கேக்கறேன். நீங்க அதப் படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"சிரிச்சீங்களா?"

அந்தப் பக்கம் எங்கேயோ ஒரு குக்கர் விசில் அடித்தது. அவர் யோசித்துவிட்டுத்தான் சொன்னார். நேர்மையாகச் சொன்னார்.

"அதுல சிரிக்கறதுக்கு இன்னாங்க கீது? பாவமாத்தான் இருந்துச்சி."

மின்விசிறிக்காக நாற்காலியை நகர்த்தியவர்தான் அவர். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்குத் திட்டுவதற்காவது வசதியாக இருந்திருக்கும்.

"கேக்குதுங்களா?" என்றாள் சுகந்தி.

"கேக்குதுங்க."

"சரி, அப்ப வெச்சுடறேன்."

வைத்துவிட்டு பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. அழுகிற சத்தம் வெளியே வரக்கூடாது என்பதற்காகத் திறந்தது என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. சித்தி துணியைக் கீழே வைத்தார். பிளாஸ்டிக் நாற்காலியை ஹால் சுவரோரம் இழுத்துப் போட்டார். முட்டியைப் பிடித்துக்கொண்டு அதன் மேல் ஏறினார். நான் ஓடிப்போய் நாற்காலியைப் பிடித்தேன்.

"யக்கா! இன்னா பண்றே?" என்று மாமா அலறினார்.

பெயிண்டரையே தொட விடாத சித்தி மாலையை ஆணியிலிருந்து கழற்றினார். ஜிகினா உதிர்ந்து அவர் தலையில் விழுந்தது. பல்லிக் குடும்பம் சிதறி டியூப்லைட்டுக்குப் பின்னால் ஓடியது.

"தொங்கினது போதும்," என்றார் சித்தி. "கோயில்ல குட்த்துட்டு வந்துடலாம்."

"ஜோடியாப் போயிதான் குடுக்கணும்!"

"நானும் அவளும் ஜோடிதான். நீ செருப்ப எட்த்து ஒழுங்கா வை, இல்ல கெளம்பு."

திருவிடந்தை

மாமா கார் தரவில்லை. ஷேர் ஆட்டோவும் பஸ்ஸும் மாறி மாறிப் போனோம். ஒரு மஞ்சள் துணிப்பையில் மாலை. அது இந்தத் தடவையும் சித்தியின் மடியில்தான் வந்தது. சுகந்தி ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள். முகம் கழுவியும் கண் வீங்கியிருந்தது. நான் ஒன்றும் பேசவில்லை. எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்பது இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். கழுத்தில் மாலையோடு மூச்சு வாங்கச் சுற்றுகிற பையன்கள், பின்னாலேயே தண்ணீர் பாட்டிலோடு ஓடுகிற அம்மாக்கள், துளசி வாசனை. பழைய மாலை கொண்டுவந்த ஜோடிகள் புதுத் தாலி தெரியும்படி நின்றிருந்தார்கள். அந்த வரிசையில் நாங்கள் மூன்று பெண்கள்.

பட்டாச்சாரியார் முப்பது வயதுக்காரர். பையைப் பிரித்து மாலையைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். எங்களுக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

"கல்யாணம் ஆயிடுத்தா? மாப்பிள்ளை எங்கே?"

சுகந்தி தலையைக் குனிந்தாள். நான் ஏதோ சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் சித்தி சொன்னார்.

"பல்லிக்கு ஆயிடுச்சி சாமி."

அவருக்குப் புரியவில்லை. "யாருக்கு?"

"பல்லிக்கு. இதும் பின்னாடிதான் குடும்பம் நடத்திச்சி. புள்ள குட்டிகூட ஆயிடுச்சி. எம் பொண்ணுக்குத்தான் ஆவல. சும்மா எதுக்குத் தொங்கணும்னு எட்த்துகினு வந்துட்டேன்."

பட்டாச்சாரியார் மாலையை மறுபடி பார்த்தார். அப்புறம் சிரித்தார். வாய்க்குள் அடக்கப் பார்த்து முடியாமல், தோள் குலுங்க, கையில் இருந்த தட்டு ஆடச் சிரித்தார். "அப்போ பல்லியைன்னா அழைச்சுண்டு வந்திருக்கணும்," என்றார். "ஜோடியா!"

வரிசையில் நின்ற புது ஜோடிகளும் சிரித்தார்கள். சித்தியும் சிரித்தார். எத்தனையோ வருஷமாக மகளின் கல்யாணம் என்ற பேச்சு எடுத்தாலே புடவைத் தலைப்பைத் தேடும் சித்தி, பல் தெரியச் சிரித்தார். சுகந்தி திரும்பித் தன் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அவளும் ஆரம்பித்தாள். அவளுக்கு நிறுத்த முடியவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அது எந்தக் கவிஞரும் கர்ச்சீப் நீட்ட வேண்டிய கண்ணீர் இல்லை.

"புது மாலை வாங்கிக்கறேளா? பெருமாள் கைவிட மாட்டார்," என்றார் அவர்.

"இருக்கட்டும் சாமி," என்றாள் சுகந்தி. "அந்த ஆணில காலண்டர் மாட்டணும்."

திரும்பி வருகிற பஸ்ஸில் சித்தி திடீரென்று கவலைப்பட ஆரம்பித்தார். "ஏண்டி, அது வூட்ல தேடுமேடி. எங்க போவும், குட்டிய வெச்சிகினு? இந்த ஊர்ல வாடகைக்கு ஒரு வூடு கெடைக்கறதே எவ்ளோ கஷ்டமா கீது." விளையாட்டாகச் சொல்லவில்லை, நிஜமாகவே கவலைப்பட்டார். சுகந்தி போனை எடுத்துத் தட்டினாள். எனக்கு வந்து விழுந்த மூன்று வரியைக் கடைசியில் போட்டிருக்கிறேன்.

ஆகவே வாசகர்களே, வேறு சுகந்தி என்று மறுப்பு எதுவும் இந்த இதழில் வராது. எழுதியது இதே சுகந்திதான். நீங்களும் எழுதுங்கள். மூன்று வரி. கண்ணால் பார்த்தது. அசை எண்ணுகிறவர்கள் வீட்டிலேயே எண்ணிக்கொள்ளுங்கள். மாமல்லபுரத்துக்காரர்கள் கல்லுக்குக் கொஞ்ச நாள் ஓய்வு கொடுங்கள். நிலாவும் தாயும் கண்ணீரும் கூடாது என்ற தடையில் மட்டும் ஒரு சின்னத் திருத்தம். தாய்மார்களைப் பற்றி யாரும் எழுத வேண்டாம். தாய்மார்களே எழுதினால் போடுவேன்.

*ஆணி காலி.*
*பல்லி தேடுகிறது*
*வாடகைக்கு வீடு.*

— சரோஜா, ஊரப்பாக்கம்.